வைகாசித் தோட்டமும் ஒரு வினாவும்

வீட்டுத் தோட்டம் என்பது பொழுதுபோக்கிற்குரிய ஓர் இடம் என்றே பலரும் எண்ணுகின்றனர். சித்திரை பிறந்து வைகாசி முதிரும் இளவேனிலின் பிற்பகுதியில், கிணற்று நீர் நாளுக்கு நாள் கீழிறங்கும் வேளையில், தோட்டத்தில் நின்று பார்ப்பவர்க்கு அந்த எண்ணம் நிலைக்காது. இருக்கும் இரண்டு குடம் நீரை எந்தச் செடிக்கு ஊற்றுவது? எதை வாடவிடுவது? எதை வேரோடு பிடுங்குவது? எதற்கு நிழல் கட்டுவது? ஒவ்வொரு நாளும் இத்தகைய தீர்ப்புகளை வழங்கிக்கொண்டிருக்கிறான் தோட்டம் வைத்திருப்பவன். வாழ்வதற்கு உரிமை உடையது எது, உரிமை அற்றது எது என்று முடிவு கட்டும் அதிகாரம், ஐந்து சென்டு நிலத்தின் அளவிலேனும் அவன் கையில் இருக்கிறது. அதிகாரம் இருக்கும் இடத்தில் அறம் பற்றிய வினாவும் இருந்தே தீரும்.

மண்ணுக்குரிய நாட்டுச் செடிகளையே வீட்டில் வளர்க்க வேண்டும் என்னும் கருத்து அண்மைக் காலத்தில் வலுப்பெற்று வருகிறது. நல்ல கருத்துத்தான். அதற்குரிய சான்றை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. மே மாதம் 4ஆம் நாள் வாக்கில் தொடங்கி 28ஆம் நாள் வாக்கில் முடியும் கத்திரி வெயிலே அதற்குச் சான்று கூறும். இராமநாதபுரத்துக் கடலோர ஊர்களில் அந்நாட்களில் ஒரு முற்றத்தை நோக்குங்கள். விலை கொடுத்து வாங்கி வந்த அயல்நாட்டு அழகுச் செடிகள் காலையில் ஊற்றிய நீரை நண்பகலுக்குள் இழந்து தலை சாய்க்கின்றன. வேலியோரத்து ஆவாரையோ யாரும் நீர் ஊற்றாமலே மஞ்சள் பூவைச் சுமந்து நிற்கிறது. பிரண்டை தன் தண்டிலேயே நீரைச் சேமித்துக்கொண்டு சுவரைப் பற்றிப் படர்கிறது. நொச்சி வாடுவதில்லை, எருக்கு வெயிலை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. புங்கமரம் கோடைக்கு முன்பே பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, வெயில் முற்றும் வேளையில் புதுத் தளிரும் அடர்ந்த நிழலுமாக நிற்கிறது. உப்புக் காற்றைப் பூவரசு தாங்கிக்கொள்கிறது. பல நூறு தலைமுறைகளாக இந்த வெயிலோடு பழகிய உயிர்களுக்கு வெயில் பகையன்று.

ஆயின், ‘மண்ணுக்குரியது’ என்று நாம் எதைச் சொல்கிறோம்? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

புளியமரத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ச் சாலைகளின் இருமருங்கும் நிற்பது அது. நம் குழம்பின் உயிர் அது. புளியை விடவும் நம்முடையது என்று சொல்லத்தக்க மரம் வேறு எது? ஆனால் அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்காவின் வெப்ப நிலங்கள் என்று தாவர நூலார் கூறுவர். மிகப் பழங்காலத்திலேயே அது கடல் கடந்து இங்கு வந்து வேரூன்றியது. அரபு வணிகர் அதை இங்கே கண்டு, ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயரிட்டனர். அப்பெயரே ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்தது. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் வகுத்த அறிவியற் பெயரிலும் ‘இண்டிகா’ என்று இந்தியாவின் முத்திரையோடு நிலைபெற்றது. ஆப்பிரிக்காவில் பிறந்த மரத்திற்கு, அரபு மொழியில், இந்தியாவின் பெயர்! எந்த நாட்டுக்குரியது என்று அதைக் கேட்பது?

மிளகாயின் கதை இன்னும் அண்மையது. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர்ப் போர்ச்சுகீசியர் வழியாகவே அது இங்குப் பரவியது. அதுவரை நம் முன்னோர் மிளகைத்தான் அறிந்திருந்தனர். புதிதாக வந்த காய்க்குத் தனிப் பெயர் தேடாமல், மிளகின் பெயரையே அடியாக வைத்து ‘மிளகாய்’ என்றழைத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டனர். கொய்யா, பப்பாளி, முந்திரி எல்லாம் அவ்வாறே கடல் கடந்து வந்தவை. நாட்டுச் செடி என்பதற்குக் காலத்தைக் கொண்டு ஒரு கோடு கிழிக்க முனைந்தால், அக்கோட்டை எங்கே கிழிப்பது? 1498இலா, அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பா? எங்கே கிழித்தாலும் நம் அடுப்பங்கரையின் பாதிப் பொருள்கள் கோட்டுக்கு வெளியே போய்விடும்.

பிறப்பிடத்தை விட்டுவிட்டு நடத்தையைக் கொண்டு அளந்தால் என்ன என்று தோன்றலாம். அது மேலான அளவுகோல்தான். நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவுக்குரியது. நம் முற்றங்களில் அது யாருக்கும் இடையூறு செய்யாமல் பூக்கிறது. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மருந்துகள் குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோயைத் தணிக்க உலகெங்கும் பயன்படுகின்றன. அதற்கு மாறாக, அழகுச் செடி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் கொணர்ந்த உண்ணிச்செடி தோட்டத்தை விட்டு வெளியேறிக் காடேறியது. இன்று நீலமலைச் சாரலின் காடுகளில் மானும் யானையும் மேய்வதற்குரிய புல்லை வளரவிடாமல் அது மூடிக் கிடக்கிறது. இரண்டும் அயலிலிருந்து வந்தவை. ஒன்று விருந்தாளியாயிற்று, மற்றொன்று ஆக்கிரமிப்பாளனாயிற்று.

சீமைக்கருவேலத்தின் நிலை இவ்விரண்டையும் விடச் சிக்கலானது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து, விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது அது. அதன் காயை உண்ட ஆடுகள் போகுமிடமெல்லாம் விதைத்தன. கண்மாய்களிலும் தரிசுகளிலும் அது நிறைந்து, நாட்டுக்கருவேலமும் வன்னியும் நின்ற இடங்களைத் தனதாக்கிக்கொண்டது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு இத்தகைய அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கெனக் கொள்கை ஒன்றையே வகுத்தது. ஆயினும் மழை பொய்த்த ஆண்டுகளில் இராமநாதபுரத்து ஏழை மக்கள் பலருக்குச் சோறு போட்டது அந்த மரத்தின் கரிதான். மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்றே எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. கெடுதி செய்தது என்று சொல்லும் அதே வாயால் அதன் உதவியையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு செடியைக் குற்றவாளி என்று அழைப்பது பொருந்துமா? பொருந்தாது என்பதே நம் துணிபு. செடிக்கு வினை உண்டு, நினைவு இல்லை. அது தானாகக் கப்பலேறி வரவில்லை. மனிதனின் கை கொண்டுவந்து நட்டது. அதன் இயல்புக்கு அது வளர்கிறது. ஆகவே களை பறிப்பது தண்டனையன்று. மனிதன் செய்த காரியத்தை மனிதனே சீர்செய்யும் கடமை. தண்டனை என்று எண்ணுபவன் வெறுப்போடு வெட்டுவான். வெட்டியபின் திரும்பிப் பாரான். கடமை என்று எண்ணுபவனோ வெட்டுவதற்கு முன்பே, அந்த இடத்தில் எதை நடுவது என்றும், அம்மரத்தை நம்பியிருந்தவர்க்கு வேறென்ன வழி என்றும் சிந்திப்பான். வெட்டுகிற அரிவாள் ஒன்றே. வெட்டுகிறவனின் உள்ளம் வேறு.

பிறப்பிடத்தைக் கொண்டு அளக்க முடியாதென்றால், நாட்டுச் செடி என்ற பேச்சே வீண் அல்லவா என்று கேட்கலாம். வீணன்று. வீட்டுக் கறிவேப்பிலையை ஒரு நாள் காலையில் உற்றுப் பார்த்தால் அது விளங்கும். தளிரின் மேல் பறவையின் எச்சம் போல் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். அது எச்சமன்று, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. சில நாட்களில் அது பச்சை நிறம் பெற்று இலையோடு இலையாய் மறையும். எலுமிச்சை, கறிவேப்பிலை முதலான ஒரு குடும்பத்துச் செடிகளையன்றி வேறு எதையும் அது உண்ணாது. எருக்கின் இலையை ஆடு கூட முகர்ந்துவிட்டு விலகும். அதையே உணவாகக் கொண்டு வளரும் வண்ணத்துப்பூச்சியும் உண்டு. வேம்பு பழுத்தால் மைனா வரும், காகம் வரும். இவ்வுறவுகள் ஓராண்டிலோ பத்தாண்டிலோ ஏற்பட்டவையல்ல.

எனவே, ‘இது எங்கே பிறந்தது?’ என்பதைக் காட்டிலும், ‘இதை நம்பி வாழ்வோர் யார்?’ என்னும் வினாவே பொருத்தமானது. தன்னை நம்பி வாழும் உயிர்கள் பெருகப் பெருக ஒரு செடி அந்த மண்ணுக்கு உரியதாகிறது. புளி அவ்வாறே உரியதாயிற்று. நூற்றுக்கணக்கான உயிர்கள் நம்பியிருக்கும் நாட்டுச் செடியைப் பேணுவதும் இதனாலேயே முதற்கடமையாகிறது. அதன் உரிமை பழமையால் வந்ததன்று. அது தாங்கி நிற்கும் சுமையால் வந்தது. சொந்தம் என்பது பிறப்புச் சான்றிதழில் இல்லை, பொறுப்பில் இருக்கிறது.

தோட்டத்தில் பழகிய சொற்கள் தெருவுக்கு வரும்போது நாம் விழிப்போடு இருத்தல் வேண்டும். ‘அந்நியம்’, ‘ஊடுருவல்’, ‘வேரோடு களைதல்’ என்னும் சொற்களைச் செடிகளுக்குச் சொல்லிப் பழகிய நாக்கு, மனிதருக்கும் அவற்றை எளிதில் சொல்லிவிடுகிறது. யார் எப்போது வந்தவர், யாருடைய பாட்டன் எங்கே பிறந்தவன் என்று கணக்கெடுப்போர் எல்லா நாடுகளிலும் உண்டு. அவர்கள் இருமுறை தவறுகின்றனர். செடியை அதன் இனத்தைக் கொண்டு அறிகிறோம். ஓர் உண்ணிச்செடி செய்வதையே எல்லா உண்ணிச்செடிகளும் செய்யும். மனிதன் அப்படிப்பட்டவன் அல்லன். அவனவன் செயலுக்கு அவனவனே பொறுப்பாளி என்பதை நம் மார்க்கம் மட்டுமன்று, நீதியை மதிக்கும் எந்த நெறியும் ஒப்பும். இது முதல் தவறு. செடி தன் இயல்பை மாற்றிக்கொள்ளாது. மனிதன் மாறுவான், திருந்துவான், புதிய ஊரைத் தன் ஊராக நேசிப்பான். இதை மறப்பது இரண்டாவது தவறு. தோட்டத்தின் சட்டத்தை ஊருக்கு எழுதுபவன் ஊரையும் அறியான், தோட்டத்தையும் அறியான்.

மீண்டும் நீரின் கதைக்கு வருவோம். நம் கிணற்று நீர் நம்முடையது என்று எண்ணுகிறோம். கடலோர மண்ணில் அளவுக்கு மீறி நீரை இறைத்தால், கீழே கடல்நீர் நிலத்துக்குள் ஏறும். முதலில் நம் கிணறும் பிறகு அண்டை வீட்டுக் கிணறும் கரிக்கும். வைகாசியில் பச்சைப் புல்வெளி வேண்டுமென்று ஒருவன் மோட்டாரை ஓடவிடும்போது, அவன் ஊற்றுவது தன் நீரை மட்டுமன்று, பக்கத்து வீட்டுப் பானை நீரையும்தான். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம். நீர் நமக்கு அமானிதம், உடைமையன்று. குறைந்த நீரில் வாழும் செடியைத் தேர்ந்தெடுப்பது அந்த அமானிதத்தைக் காக்கும் வழிகளுள் ஒன்று.

ஆதலின் வைகாசித் தோட்டக்காரனுக்குச் சில முறைமைகள் உண்டு. வேர் ஆழ்ந்த மரம் தன் நீரைத் தானே தேடிக்கொள்ளும். இருக்கும் நீர் முதலாண்டுக் கன்றுக்கே உரியது. வெயில் ஏறுவதற்கு முன்போ, பொழுது சாய்ந்த பின்போ ஊற்றினால் பாதி நீர் ஆவியாய்ப் போகாது. உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காமல் செடியின் அடியில் மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். ஒரு சட்டியில் சிறிது நீர் பறவைகளுக்கென்று இருக்க வேண்டும். கறிவேப்பிலையில் புழுவைக் கண்டவுடன் மருந்து தெளிக்க ஓடாமல், சில கிளைகளை அதற்கு விட்டுக்கொடுக்கலாம். இலை மீண்டும் துளிர்க்கும். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததாக நாம் அறிவோம். அங்கே உண்பவரின் இசைவு கேட்கப்படவில்லை. நட்டவரின் அனுமதியும் கேட்கப்படவில்லை. நட்டவன் அறியாமலே உண்ணப்படுவதும் அவன் கணக்கில் நன்மையாகிறது. புழு தின்ற இலையை நட்டக் கணக்கில் எழுதுவதா, தர்மக் கணக்கில் எழுதுவதா என்பது நம் உள்ளத்தைப் பொறுத்தது.

இன்னொன்றும் உண்டு. நாட்டுச் செடிகளின் மேல் ஆர்வம் பிறந்தவுடன், கத்திரி வெயிலிலேயே பத்துக் கன்றுகளை வாங்கி வந்து நட்டுவிட வேண்டும் என்று துடிப்பவர்கள் இருக்கின்றனர். அது அன்பு போலத் தோன்றினும் அவசரமே. வைகாசி நடுவதற்குரிய மாதமன்று, காப்பதற்குரிய மாதம். குழி வெட்டி வைக்கலாம், எருவை மக்கவிடலாம், விதை சேர்க்கலாம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது நட்டால், அடுத்த கோடைக்குள் வேர் தன் வழியைத் தேடிக்கொள்ளும். பொறுத்திருத்தலும் தோட்டத் தொழிலில் ஒரு பாதி.

நிலத்துக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று செடியின் பெயரையும் மரத்தின் பெயரையும் இட்டு வழங்கியது தமிழ் மரபு. நிலத்தில் யார் ஆள்கிறார் என்பதைப் பாராமல், நிலத்தில் எது வாழ்கிறது என்பதைப் பார்த்து வைத்த பெயர்கள் அவை. நம் முற்றம் சிறியதாயினும் அதற்கும் அந்த முறையே பொருந்தும். பத்திரத்தில் நம் பெயர் இருக்கலாம். எனினும் இந்த வைகாசி வெயிலில் அங்கே எத்தனை உயிர்கள் நிழலும் உணவும் பெற்றன என்பதே, அந்த நிலத்தை நாம் எப்படி வைத்திருந்தோம் என்பதற்குரிய சாட்சி.