பழைய நிரலும் புதிய பொறுப்பும்

பழையன விலகுவதும் புதியன வருவதும் காலத்தின் இயல்பு. அதனை மறுப்பார் எவருமிலர். ஆயின், விலக்கும் பொறுப்பு ஒருவர் கையில் ஒப்படைக்கப்படும்போது, தமக்கு விளங்காத ஒன்றை நீக்கிவிட அவருக்கு உரிமை உண்டா என்னும் வினா எழுகின்றது. இது தொழில்நுட்பம் பற்றிய வினாவாகத் தோன்றினும், அடிப்படையில் அறம் பற்றிய வினாவேயாகும். தொழிற்சாலைகளில் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளின் நிரல்களை அகற்றிப் புதியனவற்றை அமைக்கும் பணி இவ்வினாவை நம்முன் தெளிவாக வைக்கின்றது.

ஆலை இயந்திரங்கள் எப்போது இயங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று ஆணையிடும் கருவியைப் பி.எல்.சி. என்பர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு 1968ஆம் ஆண்டில் முன்வைத்த தேவையிலிருந்து பிறந்தது இது. அதற்கு முன்னர், ரிலேக்கள் நிறைந்த பெட்டிகளே அவ்வேலையைச் செய்துவந்தன. காரின் அமைப்பு மாறும்போதெல்லாம் அவற்றின் கம்பிகளைப் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. கம்பிகளைத் தொடாமல் கட்டளைகளை மட்டும் மாற்றினால் போதும் என்னும் வசதியை 1969இல் வந்த மோடிகான் 084 அளித்தது. 1979இல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் வெளியிட்ட சிமாட்டிக் எஸ்5 பல நாட்டு ஆலைகளில் இடம்பெற்றது. 1990களின் நடுவில் அதன் இடத்திற்கு எஸ்7 வந்தது.

எஸ்5 கருவிகளின் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. உதிரிப் பாகம் கிடைப்பது அரிது. அதனை அறிந்தவர்களும் ஓய்வு பெற்று வருகின்றனர். எனவே மாற்றம் தேவை என்பதில் ஐயமில்லை. பழைய கட்டளைகளைப் புதிய கருவியின் மொழிக்குப் பெயர்த்துத் தரும் மென்பொருளும் உண்டு. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். எஸ்5 கருவியின் நினைவகத்தில் இருந்தவை கட்டளைகள் மட்டுமே. அவற்றுக்கான விளக்கக் குறிப்புகள் நிரலை எழுதிய பொறியாளரின் வட்டில் இருந்தன. வட்டு தொலைந்துவிட்டால், என்ன செய்ய வேண்டும் என்பது எஞ்சும்; ஏன் செய்ய வேண்டும் என்பது மறைந்துபோகும்.

அதனால் நேரும் விளைவை நம் நாட்டுச் செம்பனை எண்ணெய் ஆலையைக் கொண்டு அறியலாம். அங்கே பழக்குலைகள் பெருங்கலனில் நீராவியால் அவிக்கப்படுகின்றன. பல ஆலைகளில் நீராவி இருமுறை ஏற்றப்பட்டு வெளியேற்றப்படும்; மூன்றாம் முறைதான் சுமார் 3 பார் அழுத்தத்தில் நிறுத்திவைக்கப்படும். காரணம் அறியாதவர் கண்ணுக்கு முதல் இரண்டும் வீண் செலவாகத் தோன்றும். உண்மையில், குலைகளுக்கிடையே தங்கியுள்ள காற்றை வெளியேற்றவே அவை உள்ளன. காற்று எஞ்சினால் வெப்பம் உள்ளே சென்று சேராது. காய்கள் குலையிலிருந்து எளிதில் உதிரா. எண்ணெயின் தரமும் குன்றும். அழுத்தம் தணியுமுன் கலனின் கதவைத் திறக்கவிடாமல் தடுக்கும் கட்டளையோ இன்னும் பெரியது. அதில் பிழை நேர்ந்தால் இழக்கப்படுவது எண்ணெயன்று, கதவருகே நிற்கும் தொழிலாளியின் உயிர்.

அப்படியானால் பழைய நிரலை எழுத்துப் பிசகாமல் படியெடுத்துவிட்டால் போதாதா? போதாது. என்றோ ஒருநாள் உணர்கருவி ஒன்று பழுதாகி, அவசரத்திற்காக அதனைப் புறக்கணிக்கும் கட்டளை சேர்க்கப்பட்டு, அப்படியே நிலைத்துவிட்டிருக்கலாம். அதனையும் படியெடுப்பவர் பழைய குற்றத்திற்குப் புதிய ஆயுளை அளிக்கின்றார். தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தின் வரலாறு இதற்குக் கசப்பான சான்று. அதற்கு முந்திய இயந்திரத்தின் நிரலிலும் பிழை இருந்தது; ஆனால் தனியே அமைந்த இயற்பொருள் தடுப்புகள் தீங்கு நேராமல் காத்தன. புதிய இயந்திரத்தில் நிரற்பகுதிகள் தொடர்ந்தன, அத்தடுப்புகளோ நீக்கப்பட்டன. 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் சிலர் மாண்டனர். வைத்திருக்க வேண்டியதை நீக்கி, ஆராய வேண்டியதை அப்படியே வைத்துக்கொண்டதன் விளைவு அது.

ஆகவே, பழையதைப் போற்றுவதும் அறமன்று. புதியதைப் போற்றுவதும் அறமன்று. காரணத்தைத் தேடி அறிவதே அறம். புதிய கருவிக்குக் கொண்டுசெல்ல வேண்டியது கட்டளையின் வரியை அன்று, அதன் காரணத்தை. காரணம் இன்றும் நிலவுமாயின் கட்டளை வாழட்டும். காரணம் மறைந்திருப்பின் கட்டளையும் மறையட்டும். காரணம் விளங்காதவரை எவரும் அதில் கை வைக்காதிருக்கட்டும்.

இக்காரணத்தை அறிந்தவர் யார்? பெரும்பாலும், அவ்வியந்திரத்தின் முன் இருபது முப்பது ஆண்டுகள் நின்ற தொழிலாளியே. ஓசையின் மாற்றத்தைக் கொண்டே பழுதை உணர்பவர் அவர். ஆனால் மாற்றத்தைத் தீர்மானிக்கும் கூட்டங்களில் அவருக்கு நாற்காலி இருப்பதில்லை. தீர்மானிப்போர் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்க, தீர்மானத்தின் ஆபத்தைத் தாங்குபவர் கலனின் அருகே நிற்கின்றார். அவரைக் கேளாமல் செய்யும் மாற்றம் எத்துணை நவீனமாயினும் நேர்மையானதாகாது.

விடையை மட்டும் எழுதி வழிமுறையை எழுதாத மாணவனுக்கு ஆசிரியர் முழு மதிப்பெண் வழங்குவதில்லை. அதே அளவுகோலை நமக்கும் வைத்துக்கொள்வோம். இன்று எழுதப்படும் புதிய நிரலும் ஒருநாள் பழையதாகும். அன்று அதனைத் திறந்து பார்ப்பவர் நம்மை அறியார். நம்மிடம் கேட்கவும் இயலாது. அவருக்காக ஒவ்வொரு கட்டளையின் அருகிலும் அதன் காரணத்தை எழுதிவைப்பது, காணாத ஒருவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.