கழிந்த மருந்துக்கு யார் பொறுப்பு?



நோயுற்றவர் மாத்திரை விழுங்குகிறார், சுகமடைகிறார். அத்துடன் அம்மாத்திரையின் கதை முடிந்துவிட்டதென நாம் எண்ணுகிறோம். ஆயின் பல மருந்துகளின் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறி, கழிவுநீரிற் கலந்து, ஆற்றையும் கடலையும் அடைகின்றது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் மலசலக் கழிவை அகற்றவென அமைந்தவை. வலிக்குத் தரும் டைக்ளோபினாக், வலிப்புக்குத் தரும் காபமசெப்பீன் போன்றவை பெருமளவில் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

மருந்துண்டவர் குற்றவாளியா? அல்லர். எழுதிக் கொடுத்த வைத்தியரும் குற்றவாளியல்லர். எவரிடமும் தீய நோக்கமில்லை. ஆயினும் தீமை விளைகிறது. குற்றவாளி இல்லையெனில் பொறுப்பாளியும் இல்லையென்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவு சரிதானா?

ஐதராபாத் நகருக்கு அண்மையிலுள்ள பட்டன்செருவில், ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரைச் சுவீடன் ஆய்வாளர் சோதித்தனர். 2007இல் வெளிவந்த முடிவின்படி, அந்நீரில் ஒரு இலீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளொக்சசின் இருந்தது. சிலவகைப் பற்றீரியாக்களுக்கு நஞ்சாகும் அளவிலும் அது ஆயிரம் மடங்குக்கு மேலாகும். இத்தகைய நீரில் மருந்துக்கு அடங்காத கிருமிகளே தப்பிப் பெருகும். நாளை அதே மருந்து ஒரு நோயாளிக்குப் பயன்படாது போகலாம்.

பரிகாரம் இல்லாமலில்லை. ஓசோன் வாயுவைச் செலுத்தியோ, ஐதரசன் பேரொட்சைட்டைச் சேர்த்துப் புறஊதாக் கதிரைப் பாய்ச்சியோ, நீருக்குள் ஐதரொட்சில் எனும் வீரியமிக்க துணிக்கைகளை உண்டாக்கலாம். கணப்பொழுதே நிலைப்பினும் அவை மருந்தின் மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். இதனையே உயர் ஒட்சியேற்ற முறை என்பர். மின்சாரம் மிகுதியாக வேண்டும். சிதைவு அரைகுறையானால் வேறு கழிவுப்பொருள்களும் எஞ்சும்.

எனவே வழி உண்டா என்பதல்ல, செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. சுவிற்சர்லாந்து 2016 முதல், சுத்திகரிப்பு நிலையங்களோடு இணைந்த மக்கள் தொகைக்கேற்பத் தலைக்கு ஆண்டுதோறும் 9 பிராங் வரை அறவிட்டு நிலையங்களைத் திருத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டமோ, இத்தகைய மேலதிகச் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்மீது சுமத்துகிறது. மருந்தின் விலை ஏறுமென அவர்கள் எதிர்க்கின்றனர்.

ஏழை நோயாளியை எண்ணினால் அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். சுத்திகரிக்காது விட்டால் செலவு ஒழிந்துபோவதில்லை. ஆற்றின் கீழ்ப்புறத்தில் வாழ்பவனிடம் சென்று சேருகிறது. அவன் அம்மருந்தை விற்கவுமில்லை, உண்ணவுமில்லை. அவனிடம் எவரும் சம்மதம் கேட்கவுமில்லை. கண்டியைக் கடந்து வரும் மகாவலி நமது கொட்டியாரக் குடாவிலேயே கடலைச் சேர்கிறது. ஆற்றின் முடிவில் வாழும் நமக்கு இது விளங்காததன்று.

நன்மை பெற்றவன் அதன் மிச்சத்துக்கும் பொறுப்பாளி. இலாபம் பெற்றவன் இன்னும் அதிகம் பொறுப்பாளி. பெரிய நிலையங்களை அமைப்பது அரசின் பணி. எஞ்சிய மாத்திரைகளை மலசலகூடத்தில் கொட்டாதிருப்பதும், வைத்தியர் சொல்லாமல் நுண்ணுயிர்கொல்லியை வாங்கி விழுங்காதிருப்பதும் இன்றே நம்மால் ஆகக்கூடியவை. நாமும் எவருக்கோ மேற்புறத்தில் வாழ்பவர்களே.