ஏடு பழையதாயின் மெய்யாகுமோ?



சென்ற வைகாசிப் பௌர்ணமி விழா முடிந்த மறுவாரம் நம் சங்கத்து இளைஞர் இருவர் என் இல்லம் தேடி வந்தனர். இருவரும் மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூர் சென்று வேலை பார்த்து இரவில் மீள்பவர். அவர்தம் முகத்தில் வாட்டம் இருந்தது. வினவியபோது, ரயிலில் உடன் வரும் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் தொடுத்த கேள்விக்கு விடை கூறவியலாது தலைகவிழ்ந்து இறங்கியதாகக் கூறினர். கேள்வி யாதெனின்: "உங்கள் புத்தர் மறைந்து முந்நூறு நானூறு ஆண்டு வரையில் அவர் சொல்லை முழுமையாக எழுதி வைத்தவர் எவருமில்லை. எங்கள் சுவிசேஷங்களோ இயேசு மறைந்து நாற்பது அறுபது ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டவை. கிரேக்க மொழியில் மட்டும் 5,800 அளவில் கையெழுத்துப் பிரதிகள் உண்டு. உங்களுக்கு எத்தனை?"

இக்கேள்வி என் நெஞ்சிலும் தைத்தது. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுக்கூட்டத்தில், "கி.பி. 325-இல் நைசியா என்னும் ஊரில் அரசன் கூட்டிய சபையில்தான் பைபிள் இன்ன இன்ன நூல்கள் என்று முடிவு கட்டப்பட்டது, அதற்கு முன் அப்படியொரு நூலே இல்லை" என்று யான் முழங்கினேன். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. கூட்டம் கலைந்தபின் முதியவரான ஓர் உபதேசியார் என்னருகில் வந்து, "ஐயா, நைசியாவில் நடந்தது குமாரன் பிதாவோடு ஒரே தன்மையரா என்ற வழக்கு. நூல்களைத் தெரிந்தெடுத்த வழக்கு அங்கே நடக்கவில்லை. நீங்கள் படித்துப் பாருங்கள்" என்று மெல்லக் கூறிச் சென்றார். படித்துப் பார்த்தேன். அவர் சொன்னதே மெய். முன்னர்க் கூட்டத்தின் எதிரில் பஞ்சசீலம் ஓதிய அதே நாவால் பொய்யுரைத்திருக்கிறேன். அறியாது உரைத்தேன் என்பது உண்மையாயினும், ஆராயாது உரைத்தேன் என்பதும் உண்மையன்றோ?

ஆகலின் இவ்விளைஞர்க்கு விடை கூறப் புகுமுன், எதிர்த்தரப்பார் கூற்றில் மெய்யாயுள்ளவற்றை மெய்யென்றே ஒப்புக்கொள்ளல் கடன்.

அவர்தம் பிரதிகள் பல என்பது மெய். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ளங்கையினும் சிறிய பாப்பிரசுத் துண்டு ஒன்று இருக்கின்றது. உயரம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர், அகலம் 6. யோவான் சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் பிலாத்துவின் விசாரணையைக் கூறும் சில வரிகள் அதில் உள. 1935-இல் அது வெளியிடப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது என்பர். அந்நூற்றாண்டின் எப்பகுதி என்பதில் அறிஞர்க்குள் வழக்குண்டு. 1947 முதல் சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த சுருள்களுள் ஏசாயா நூல் முழுமையாகவே இருந்தது. அது இயேசுவுக்கு முற்பட்ட காலத்தது. 1961-இல் செசரியா என்னும் கடற்கரை ஊரில் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் கிடைத்தது. இவற்றையெல்லாம் நாம் மறுப்போமாயின் நம் அறியாமையே வெளிப்படும்.

நம் பக்கமோ, பாலித் திரிபிடகம் இலங்கையில் வட்டகாமணி அரசன் காலத்தில், கி.மு. முதல் நூற்றாண்டில், ஏட்டில் எழுதப்பட்டது. அவ்வேடுகள் இன்றில்லை. பாலியில் எஞ்சியவற்றுள் மிகப் பழையதெனப்படும் நான்கு ஓலைகள் காத்மாண்டுவில் உள்ளன. அவையும் எட்டு ஒன்பதாம் நூற்றாண்டின. காந்தார நாட்டுப் பூர்ச்சமரப் பட்டைச் சுருள்கள், 1994-இல் லண்டன் நூலகத்தை அடைந்தவை, கி.பி. முதல் நூற்றாண்டளவின என்பர். ஆயின் அவை சிதைந்த பகுதிகளே. எண்ணிக்கையில் ஒப்பிட்டால் தோல்வி நமதே. ஒப்புக்கொள்வோம்.

இனி எண்ணிக்கை எதை மெய்ப்பிக்கின்றது என்பதைப் பார்ப்போம்.

யான் கல்லரைக்கும் மில்லில் வேலை செய்தவன். 2001 பெப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும்வரை அதுவே என் பிழைப்பு. சுரங்கத்தின் ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் சாம்பிள் பைகள் வரும். பையோடு ஒரு சீட்டு வரும். எந்த மட்டம், எந்த ஷிப்டு, எந்தக் கல் என்று அதில் எழுதியிருக்கும். எழுத்தர் அச்சீட்டைப் பேரேட்டில் பதிவார். அதிலிருந்து மற்றொரு பேரேட்டிற்கு மற்றொருவர் பெயர்ப்பார். அவர்கள் பெயர்ப்பில் எழுத்துப்பிழை வாராதிருக்கலாம். ஆயிரம் பிரதி எடுப்பினும் சீட்டில் உள்ளது அப்படியே இருக்கலாம். ஆயினும் பையில் தங்கம் உண்டா, ஒரு டன்னுக்கு எத்தனை கிராம் என்பதை அப்பேரேடு கூறாது. அதை அஸ்ஸே ஆபீசின் உலைதான் கூறும். சீட்டு ஒழுங்காகப் பெயர்க்கப்பட்டது என்பது ஒரு செய்தி; சீட்டை எழுதியவன் மட்டத்தைச் சரியாகக் கண்டு எழுதினானா என்பது மற்றொன்று; கல்லில் பொன்னுண்டா என்பது முற்றிலும் வேறு. 5,800 பிரதிகள் முதற்செய்தியையே மெய்ப்பிக்கின்றன. அவற்றுள்ளும் பெரும்பாலன கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவை.

முதற்செய்தியிலும் சிறிது குறைவுண்டு. நான்காம் நூற்றாண்டின் பெருஞ்சுவடிகளாகிய சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறியாது காத்த அழகிய கதையும் அவற்றின் யோவானில் இல்லை. யோவான் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில் பரலோகத்துச் சாட்சிகள் மூவரைக் கூறும் பகுதி பழைய கிரேக்கச் சுவடிகளில் காணப்படாதது. எராஸ்மஸ் என்னும் அறிஞர் 1516-இல் அச்சிட்டபோது அதை விட்டார், 1522-இல் சேர்த்தார். நம்மூர்க் கிறிஸ்தவர் வீடுகளிலுள்ள பழைய தமிழ் வேதாகமத்தில் அது இன்றும் இருக்கின்றது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் இல்லை. விருப்பமுள்ளோர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இவற்றைக் கண்டு வெளியிட்டவர் அவர்களுடைய பகைவர் அல்லர், கிறிஸ்தவ அறிஞர்களே. அந்நேர்மைக்கு யான் தலைவணங்குகிறேன். அந்நேர்மை பிரசங்க மேடைக்கு எப்போதும் வந்து சேர்வதில்லை என்பதே என் குறை. நம் மேடைக்கும் வந்து சேரவில்லை என்பதைத்தான் மேலே சொன்னேனே!

நம் முன்னோரும் இவ்வழக்கில் எப்போதும் நடுநின்றார் என்று சொல்லிவிட முடியாது. 1873 ஆகஸ்டில் இலங்கைப் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர், டேவிட் டி சில்வா பாதிரியாரோடு வாது செய்தார். அவ்வாதின் அச்சுப்படி கடல் கடந்து சென்று கர்னல் ஆல்காட்டை இலங்கைக்கு ஈர்த்தது. அவ்வுறவின் வழியே 1898-இல் நம் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். இக்கோலார் வயலில் நாம் புத்தர் பெயர் சொல்வதற்கு அவ்வாதும் ஒரு காரணம். அதில் தேரர், விவிலியத்துக் கடவுள் தம்மைப் பொறாமையுள்ளவர் என்று கூறியதைச் சிங்கள மொழிபெயர்ப்பு ஒளியுள்ளவர் என்பதுபோல் மறைத்துவிட்டது என்று குற்றஞ்சாட்டினார். கூட்டம் ஆரவாரித்தது. ஆயின் மொழிபெயர்த்தவன் பிழை மூலநூலின் பிழையாகுமோ? தமிழிலோ பழைய மொழிபெயர்ப்பாளர் 'எரிச்சலுள்ள' என்று ஒளிவின்றியே எழுதிவைத்தனர். கடவுளுக்கு எரிச்சல் தகுமா என்பதே கேட்கத்தக்க கேள்வி. அது சுவடியைப் பற்றியதன்று, அறத்தைப் பற்றியது.

அவர் கூறும் மற்றொரு வாதம்: அப்போஸ்தலர் தாம் கண்டதற்காக உயிர் கொடுத்தனர், பொய்க்காக எவன் உயிர் கொடுப்பான்? சென்னைப் பரங்கிமலையில் தோமா இரத்தம் சிந்தினார் என்பது அவர்தம் மரபு. உயிர் கொடுத்தவன் பொய்யன் அல்லன் என்று ஒப்புவோம். அவன் கருத்துப் பிழையாகாது என்று எங்ஙனம் துணிவது? 1963 ஜூன் 11 அன்று சைகோன் நகரத் தெருவில் திக் குவாங் டுக் என்னும் நம் பிக்கு எரியும் தீயினூடே அசையாது அமர்ந்து உயிர் நீத்தார். அதைக் காட்டி, ஆதலால் மறுபிறப்பு மெய் என்று நாம் வாதிப்பதில்லை. அவர் தியாகம் அவர் நெஞ்சுரத்துக்கும் அங்கு நடந்த கொடுமைக்கும் சான்று.

வேதமே தன்னை வேதமென்று கூறுகின்றது என்ற வாதத்தில் யான் நேரம் போக்க விரும்பவில்லை. சீட்டே பொன்னாகாது.

நம் தமிழில் இக்கேள்வி புதிதன்று. வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக் கணக்கர் பலரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி பத்து அளவைகளை எண்ணுகிறான். அவற்றுள் ஆகமம் ஒன்று. ஐதிகம் மற்றொன்று, இம்மரத்தில் பேயுண்டென்று ஊரார் சொல்வதை நம்புதல் அதற்கு எடுத்துக்காட்டு! பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குக் கற்பித்த அளவைகள் இரண்டே: காட்சி, அனுமானம். ஏனையவெல்லாம் அனுமானத்துள் அடங்கும். இதன் நுட்பத்தை நம்மவர் பலர் கவனிப்பதில்லை. அடிகள் நூலை எறியச் சொல்லவில்லை. நூலை நம்புவதும் ஓர் அனுமானமே என்கிறார். நாம் சோதிக்கக்கூடிய இடத்தில் மெய்யனாக இருந்தவனை, சோதிக்க இயலாத இடத்திலும் ஓரளவு நம்புகிறோம். எவ்வளவு என்பது சொல்லப்படும் பொருளின் கனத்தைப் பொறுத்தது. பிலாத்து ஆண்டான் என்பதைச் சுவிசேஷம் சொல்கிறது, கல்லும் சொல்கிறது, நம்புவோம். இறந்தவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்பதைத் தாங்க அக்கல்லுக்கு வலுவில்லை.

இவ்வளவும் கேட்டு இளைஞர் மகிழ்ந்தனர். ஆயின் இருவருள் இளையவன் விடவில்லை. "ஐயா, 1896-இல் லும்பினியில் அசோகர் தூண் கிடைத்தது, புத்தர் பிறந்த இடம் மெய் என்று நீங்கள் விழாவில் பேசினீர்கள். உடனே, பிறந்தவுடன் ஏழடி நடந்தார் என்றும் பேசினீர்களே. தூண் அதைத் தாங்குமா?" என்றான்.

தாங்காது. தாங்காது என்றே அவனுக்குச் சொன்னேன்.

அவன் மேலும் கேட்டான்: "நான்கு மகாபதேசம் என்று சொல்கிறோம். பகவன் வாயால் கேட்டேன் என்று எவன் சொன்னாலும், உடனே ஏற்காமலும் இகழாமலும் சூத்திரத்தோடும் விநயத்தோடும் ஒப்பிட்டுப் பார் என்பது. நூலை நூலோடு ஒப்பிடுவது, வேதத்துக்கு வேதமே சாட்சி என்பது போலத்தானே?" கூரிய கேள்வி. மகாபதேசம் இது பகவன் சொல்லா என்பதற்கு மட்டுமே உரைகல். சொல் மெய்யா என்பதற்கு உரைகல் கேசபுத்தத்துக் காலாமர்க்கு உரைத்தது: மரபு என்றோ, நூல் என்றோ, இவர் நம் குரு என்றோ கொள்ளாதீர், தீமை பயப்பதை, அறிவோர் பழிப்பதை, நீங்களே அறிந்து விடுங்கள் என்பது. என் மனத்துக்குப் பிடித்ததே மெய் என்று அதற்குப் பொருள் செய்வோரும் நம்மிடை உண்டு. அறிவோர் பழிப்பதை என்ற பகுதி அவர் காதில் விழுவதில்லை போலும்.

பொன்னைச் சுட்டும் வெட்டியும் உரைத்தும் பார்ப்பதுபோல் என் சொல்லைப் பாருங்கள் என்று பகவன் கூறியதாக யானே பலமுறை இப்பொன் வயலில் பேசியிருக்கிறேன். கேட்பவர்க்கு இனிக்கும். ஆயின் அச்செய்யுள் பாலிப் பிடகத்தில் இல்லை. பிற்கால வடமொழி நூல்களில் காணப்படுவது. கருத்து உயர்ந்தது, அதனால் மட்டும் அது அவர் வாய்மொழி ஆகிவிடாது. அறிவுக்கு ஒத்தது எதுவோ அது புத்தர் சொல்லெனக் கொள்ளத்தகும் என்று பாபாசாகேப் அம்பேத்கர், 1957-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். தள்ளத்தக்கதைத் தள்ள அது சிறந்த கருவி. யார் சொன்னது என்பதை நாட்ட அது போதாது என்பது என் தாழ்மையான எண்ணம். அயோத்திதாசப் பண்டிதர் காட்டும் ஏட்டுப் பாடல்களுள்ளும் வேறெங்கும் கிடைக்காதன சில உண்டு. அவர்மீது எனக்குள்ள பக்தி, அப்பாடல்களுக்கு ஏடு உண்டா என்று தேடுவதைத் தடுக்கலாகாது.

இங்கேதான் கிறிஸ்தவ நண்பர்க்கும் நமக்கும் வேற்றுமை. கிறிஸ்து உயிர்த்தெழாவிடில் தம் பிரசங்கம் வீண் என்று பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகவே ஒப்புகிறார். ஒருநாள் நடந்த ஒரு நிகழ்ச்சிமேல் அவர் வீடு நிற்கின்றது. ஆகலின் அந்நாளைக் கூறும் ஏட்டைக் காக்க அவர் இத்துணைப் பாடுபடுவது இயல்பே. அதை நாம் எள்ளலாகாது. இசிபதனத்தில் பகவன் உரைத்ததாகக் கூறும் நான்கு வாய்மைகள் அங்கு அன்று உரைக்கப்படவில்லை என்று நாளை எவரேனும் நிறுவினாலும், ஆசையால் துக்கம் பிறப்பது நிற்கப்போவதில்லை. நம் வீட்டுச் சாராயக் குப்பி அதற்குச் சாட்சி. மறுபிறப்பைப் பற்றி அவ்வளவு உறுதியாக என்னால் பேச முடியவில்லை. அதை யானும் பெரியோர் சொல்லக் கேட்டே கொண்டிருக்கிறேன். இதையும் அவ்விளைஞர்க்கு மறையாது சொன்னேன்.

மறுநாள் அந்த உபதேசியார் வீட்டிற்குச் சென்றேன். நைசியாவைப் பற்றிப் பேசியது பிழை என்று இத்தனை ஆண்டு கழித்து அவர் முன் கூறினேன். அவர் சிரித்து, மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களைப் பற்றித் தம் சபையார்க்குத் தாமும் சொன்னதில்லை என்றார். மணிமேகலையை இரவல் கேட்டார், கொடுத்து வந்தேன்.

அடுத்த வைகாசி விழாச் சொற்பொழிவில் ஏழடிக் கதையை மெய்ந்நிகழ்ச்சியாகச் சொல்வதில்லை, கதையென்று சொல்லியே சொல்வது என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துள்ளேன். மூத்த உறுப்பினர் மூவர்க்கு இதில் மனவருத்தம். பிள்ளைகள் மலர் தூவும் அந்நேரத்தில் அக்கதை வேண்டும் என்கின்றனர். வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் இது பேச்சுக்கு வருகின்றது; அன்பர்கள் வந்து தத்தம் கருத்தைக் கூறுமாறு வேண்டுகிறேன்.