கணக்குக் கேட்டவன் கருங்காலியா?

ஆலைவாசலில் சந்தா கட்டும்போது ரசீது கேட்பவரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே ஆள் பொதுக்குழுவில் எழுந்து, ஊதிய ஒப்பந்தத்தின் நிலுவைத் தொகை வந்தபோது தலைக்கு இவ்வளவு என்று பிடித்த நன்கொடை என்னவாயிற்று என்று கேட்டால் பார்வைகள் மாறிவிடுகின்றன. “யார் சொல்லிக்கொடுத்து வந்தீர்கள்?” என்று மேடையிலிருந்து ஒரு குரல் வரும். மறுநாள் கேன்டீனில் அவர் மேனேஜ்மென்ட் ஆள். இல்லையென்றால் போட்டிச் சங்கம் ஏவிவிட்டவர். சங்கப் பணத்தைத் திருடுவது தவறு என்பதில் யாருக்கும் ஐயமில்லை, அதில் எடைபோட ஒன்றுமில்லை. காசு தொடாத தலைமையும் கணக்கை மூடி வைக்கிறதே, அதற்குச் சொல்லும் காரணத்தைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

அந்தக் காரணம் அப்படியே தள்ளிவிடக்கூடியதல்ல. சங்கத்தின் கையிருப்பு நிர்வாகத்துக்குத் தெரிந்துவிட்டால், வேலைநிறுத்தம் எத்தனை வாரம் தாங்கும் என்பதும் தெரிந்துவிடும். பேசவே வேண்டாம், காத்திருந்தால் போதும். பொதுக்குழுவில் வாசித்த வரவு செலவு மாலைக்குள் மனிதவள அதிகாரியின் மேசைக்குப் போய்விடும் என்ற பயம் வீண்பயம் அல்ல. போராட்ட நிதிக்குப் பணம் கொடுத்த பக்கத்து ஆலைக்காரரின் பெயர் வெளியே வந்தால் அவர் வேலைக்கே உலை வைத்தாற்போலத்தான்.

இந்தப் பயத்துக்குச் சென்னையிலேயே பழைய வேர் உண்டு. 1918 ஏப்ரலில் பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க.வும் அதில் முன்னின்றார். இரண்டே ஆண்டுகளில், அந்தத் தொழிலாளர்கள் வேலை செய்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றம் சென்று, சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை வாங்கிவிட்டது. வேலைநிறுத்தம் செய்யச் சொன்னதே வழக்குக்குப் போதுமான குற்றமாக இருந்த காலம் அது. அந்த வழக்கு கிளப்பிய அதிர்ச்சியில் தொழிலாளர் தலைவர் என்.எம்.ஜோஷி போன்றவர்கள் மத்திய சட்டமன்றத்தில் குரல் கொடுத்து, கடைசியில் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தை இப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து அது காத்தது. கூடவே கணக்கும் கேட்டது. பொது நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று வரையறுத்தது. அரசியலுக்குத் தனி நிதி வைக்கலாம், ஆனால் அதற்குக் கொடுக்கச் சொல்லி உறுப்பினரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. கணக்குப் புத்தகத்தை எந்த உறுப்பினரும் பார்க்கலாம் என்றது. தணிக்கை செய்த வரவு செலவை ஆண்டுதோறும் பதிவாளருக்கு அனுப்பச் சொன்னது.

அனுப்பாவிட்டால்? 5 ரூபாய் அபராதம். தவறு தொடர்ந்தால் வாரம் 5 ரூபாய், எல்லாம் சேர்த்தும் 50 ரூபாயைத் தாண்டாது. 1926இல் அது பணம்தான். பிறகு டீச்செலவாகிப் போனது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆனாலும் பதிவாளர் அலுவலகம் வந்து ஒரு கிளைச் சங்கத்தின் ரசீதுப் புத்தகங்களைப் புரட்டும் என்று நம்பியிருப்பவர் யாரும் இல்லை. அரசு அதிகம் புரட்டினால் அதிலும் ஆபத்து உண்டு: பிடிக்காத சங்கத்தை முடக்கக் கணக்கைவிட வசதியான கருவி கிடைப்பது அரிது.

மறைத்தே ஆகவேண்டிய நிலை வந்த ஒரு சங்கத்துக்கு என்ன நேர்ந்தது என்று பிரிட்டனில் பார்க்கலாம். 1984-85 வேலைநிறுத்தத்தின்போது சுரங்கத் தொழிலாளர் தேசியச் சங்கத்துக்கு நீதிமன்றம் 2 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. கட்டாததால் சொத்துகளை முடக்கவும் ஆணையிட்டது. சங்கம் பணத்தை வெளிநாடுகளுக்கு நகர்த்தியிருந்தது. உள்நாட்டில் மறைமுகக் கணக்குகளிலும் ரொக்கத்திலும் காரியம் நடந்தது. வேறு வழி இருந்ததாகச் சொல்ல முடியாது. 1990இல் டெய்லி மிரர் பத்திரிகை, தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் நன்கொடைப் பணத்தில் தம் வீட்டுக் கடனை அடைத்துக்கொண்டார் என்று எழுதியது. சங்கமே அமர்த்திய வழக்கறிஞர் கேவின் லைட்மேன் விசாரித்தார். வீட்டுக் கடன் குற்றச்சாட்டு பொய் என்றார். அந்த இரகசியக் கணக்குகளை நடத்திய விதத்தையோ கடுமையாகக் கண்டித்தார். அன்று மிரர் ஆசிரியராக இருந்த ராய் கிரீன்ஸ்லேட் 2002இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதற்குள் 12 ஆண்டுகள் ஓடிவிட்டன.

வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் முடிந்துவிட்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. போராட்டம் நடக்கும்போது மூடி வைத்ததை நியாயப்படுத்தலாம். முடிந்த பிறகும் மூடியே வைத்ததற்கு எதிரியைக் காரணம் காட்ட முடியாது. காலத்தோடு கணக்கை விரித்து வைத்திருந்தால், பத்திரிகைக்காரர் எழுதிய பொய்யை உறுப்பினர்களே மறுத்திருப்பார்கள். குற்றமற்றவருக்கும் மறைவு தந்த பரிசு அது. ஆகவே முதலாளி பார்த்துவிடுவான் என்ற வாதத்துக்கு ஒரு கெடு உண்டு. பேச்சுவார்த்தையோ போராட்டமோ நடக்கும் மட்டும் அது செல்லும். அதற்கு அளவும் உண்டு. போராட்ட நிதியின் இருப்பையும் கொடுத்தவர் பெயரையும் அது காக்கலாம். மாநாட்டுக்குப் போன வேன் வாடகைக்கும், நோட்டீஸ் அச்சடித்த செலவுக்கும், செயலாளரின் பயணப்படிக்கும் அந்த வாதத்தைக் கொண்டுவந்து போர்த்துவது ஏமாற்றுதான்.

“கேட்டால் காட்டுவோம், யாரும் கேட்கவில்லையே” என்பது அடுத்த பதில். சட்டப்படி இது சரி. அறப்படி இதில் பெரிய ஓட்டை இருக்கிறது. பார்க்கும் உரிமை என்பது கேட்பவர் தலையில் சுமையை ஏற்றிவிடுகிறது. முதல் பத்தியில் சொன்ன அந்த ஆள் என்ன விலை கொடுக்கிறார் என்று கேட்காமலிருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். நாளைக்குத் தன் பணிநீக்கத்துக்கு எதிராக வாதாட வேண்டிய செயலாளரிடமே இன்று செலவுக் கணக்குக் கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? கேட்கவில்லை என்பதை நம்பிக்கை என்று வரவு வைத்துக்கொள்வது, நிர்வாகம் ‘தொழிலாளி புகார் செய்யவில்லை’ என்று சொல்லும் அதே தர்க்கம். தொழிற்சங்கத்தின் வாயிலிருந்து அது வருவது கூசவைக்கிறது. கேட்பதற்கு முன்பே வாசிக்கும் கடமை, அதனால், தலைமையுடையது.

சின்னச் சங்கத்தால் இதெல்லாம் முடியுமா என்பது நியாயமான கேள்வி. பொருளாளர் ஷிப்டு முடிந்து வந்து, சட்டைப்பையிலிருக்கும் சீட்டுகளைப் பார்த்து இரவில் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறவர். ஆடிட்டர் வைக்கக் காசில்லை. 1938ஆம் ஆண்டு மத்திய விதிகளே இதை எதிர்பார்த்திருந்தன: 250 பேருக்கு மேற்படாத சங்கத்தின் கணக்கை அதன் உறுப்பினர்கள் இருவரே தணிக்கை செய்யலாம், நிதியைக் கையாண்டவர் மட்டும் அதில் இருக்கக் கூடாது. அந்த இருவரைச் செயலாளர் கைகாட்டுகிறாரா, பொதுக்குழு கைதூக்கித் தேர்ந்தெடுக்கிறதா என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது. பொதுக்குழு தேர்ந்தெடுக்குமானால், சென்ற முறை எழுந்து கேள்வி கேட்டவரின் பெயரையும் யாராவது முன்மொழியட்டும்.