உப்பில்லாக் கீரையும் மூடாத வாசலும்

மரக்காணம் பக்கம் போனால் எங்கே தங்குவது என்று கேட்டுப் பாருங்கள். "பாண்டிச்சேரியிலேயே ரூம் போட்டுடுங்க" என்றுதான் பதில் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைகிறவர்களுக்கு மரக்காணம் கார் ஜன்னலில் வந்து போகும் ஊர். உப்பளத்தோரம் வண்டியை நிறுத்தி இரண்டு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். விழுப்புரம் மாவட்டத்துக்கு வாய்த்த சின்னக் கடற்கரை இது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே கழுவேலி என்ற சதுப்பு நிலம். கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. கடல் தாண்டி வரும் பறவைகளுக்குத் தங்குமிடம் சட்டப்படி உறுதியாகிவிட்டது, மனிதர்களுக்குத்தான் யோசனை.

இதே கேள்விக்கு, இதே கரையை வைத்தே, தமிழில் ஒரு நூல் இருக்கிறது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, 269 அடி. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பார்க்க எந்த வழியாகப் போவது, வழியில் எந்த ஊரில் யார் என்ன தருவார்கள் என்று, அவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு பாணன் இன்னொரு பாணனுக்குச் சொல்கிறான். முதலில் கடற்கரையில் எயிற்பட்டினம், அடுத்து வேலூர், பிறகு ஆமூர். எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு சேர்த்துப் பார்ப்பது அறிஞர் வழக்கம். நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில், இன்று கிடங்கல் என்ற பெயரில் திண்டிவனம் ஊருக்குள்ளேயே கிடக்கிறது. பாணர்கள் யாழைச் சுமந்து நடந்த தூரத்தை இப்போது பஸ் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும்.

வழிகாட்டி நூல் என்றால் படுக்கையைப் பற்றி ஒரு வார்த்தையாவது வரவேண்டாமா? இந்தப் பாணன் சோற்றையும் அதைப் போடும் கையையும்தான் பேசுகிறான். எயிற்பட்டினத்தில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசமரக் கட்டைகள், ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவதுபோலக் கரையில் கிடக்கின்றன. அவற்றையே விறகாக்கி நுளையர் பெண் காய்ச்சிய கள்ளைப் பரதவர் ஊற்றிக் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ளக் குழல்மீன் சுட்டது. வேலூரில் வேட்டுவப் பெண்கள் சமைத்த புளிச்சோறும் காட்டுப்பசுவின் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டு வெள்ளைச் சோறும் நண்டுக் கறியும். அரசனின் பந்தி கடைசியில்தான் வருகிறது. அதுவரைக்கும் பாணனைத் தாங்குகிறவர்கள் உழைத்து உண்ணும் சாதாரண மக்கள். இதை நத்தத்தனார் தெரிந்தேதான் இப்படி அடுக்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நூலில் என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது வேறோர் இடம். வழி சொல்லும் பாணன் நேற்றுவரை தன் வீடு எப்படி இருந்தது என்று சொல்கிறான். அடுக்களையில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. அதற்கும் பட்டினி, வற்றிய மடியில் வாய் வைக்கும் குட்டிகளைப் பொறுக்கமாட்டாமல் குரைக்கிறது. அவன் மனைவி குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேக வைக்கிறாள். போட உப்பில்லை. அதைச் சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்ணுமுன் வாசல் கதவைச் சாத்துகிறாள். ஏன்? வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள் பார்த்துவிடக்கூடாதே என்ற நாணம். இத்தனை பேர் கூடி உண்ணும் வீட்டில் பசியை மறைக்க முடியாது. கீரையில் உப்பில்லாததை மட்டுமாவது மறைக்கலாம்.

உப்பு இல்லாத வீட்டிலிருந்து எழுந்தவன் இன்னொருவனை அனுப்பும் வழி, உப்பு விளையும் கரையில் தொடங்குகிறது. கவிஞர் கணக்குப் போட்டுச் செய்தாரா, நெய்தல் நில வரிசையில் தானாக அமைந்ததா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் மரக்காணத்தில் வெள்ளை வெள்ளையாய்க் குவித்து வைத்த உப்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கீரைச் சட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

கதவு இன்னொரு முறையும் வருகிறது. நல்லியக்கோடனின் அரண்மனை வாசல் பாடுகிறவர்களுக்கும் புலவர்களுக்கும் அந்தணர்களுக்கும் எப்போதும் மூடாமல் கிடக்கிறது. ஒரே நூலில் நாணத்தால் சாத்திய கதவு ஒன்று, சாத்தவே சாத்தாத கதவு ஒன்று. பசியைப் போக்க ஒரு பிடி சோறு போதும். கேட்கவேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தைப் போக்கச் சோற்றால் ஆகாது. தட்டித் திறக்கவேண்டிய வாசலில் வந்தவன் கேட்டாக வேண்டும். திறந்தே கிடக்கும் வாசலில் அவன் கேட்க வேண்டியதில்லை, நுழைந்தால் போதும். விருந்தோம்பலின் பெரிய வேலை அங்கேதான் நடக்கிறது. அது நடந்ததற்கு அந்தப் பாணனே சாட்சி. மனைவி கதவைச் சாத்தி மறைத்ததை அவன் இப்போது நடுவழியில், முன்பின் தெரியாத ஒருவனிடம் வாய்விட்டுச் சொல்கிறான். வயிறு நிறைந்ததால் மட்டும் ஒருவனுக்கு அந்தத் தைரியம் வராது.

எட்டாத கரைகளுக்கு எங்கேயும் இந்த விருந்தோம்பல் சோதனை உண்டு. மத்தியதரைக் கடலில், கிரீட் தீவின் தென்கரையில் லூத்ரோ என்ற ஊருக்குச் சாலையே கிடையாது. படகில் போகவேண்டும், அல்லது மலையோரமாக நடக்கவேண்டும். சாலை தீர்ந்துபோகிற இடத்தில் வந்தவனுக்கு உள்ளூர்க்காரன்தான் கதி. அந்தக் கடல் நாட்டு மதுச்சாடிகள் புதுச்சேரியை அடுத்த நம் அரிக்கமேட்டு மண்ணில் கிடைத்திருக்கின்றன. காற்று திரும்பும்வரை இந்தக் கரையில் காத்துக் கிடந்த யவனர்களுக்கும் யாரோ ஒருவர் திண்ணை கொடுத்திருக்கத்தானே வேண்டும்? பேர் தெரியாத அந்தத் திண்ணைக்காரர்களுக்கு எந்தச் சாசனமும் இல்லை. சாசனம் உள்ளவர்கள் கட்டியதும் நிற்கவில்லை. மரக்காணத்துக்குச் சற்று வடக்கே ஆலம்பரைக் கோட்டை: 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இப்போது உடைந்த செங்கல் சுவர்தான் மிச்சம்.

இந்தக் கரையில் விருந்து கொடுப்பவனே விருந்தாளியாகிற இரவுகளும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது உள்நாட்டு ஊரான மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடலுக்குப் பயந்து உள்ளே போனவனை ஏரித் தண்ணீர் எதிர்கொண்டது. அப்படிப்பட்ட இரவுகளில் மீனவக் குடும்பங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போகின்றன. நாலு பேருக்கு மீன் கொடுத்துப் பழகிய கை உணவுப் பொட்டலத்துக்கு நீளவேண்டும். வரிசையில் நிற்கும்போது முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்ளும் பெண்ணும், அன்று கதவைச் சாத்திய பாணன் மனைவியும் ஒருத்திதான். பொட்டலத்தின் எண்ணிக்கையை அரசு சரியாகவே கணக்கு வைக்கிறது. அந்த நாணத்துக்குக் கணக்கு எழுத எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

சுனாமி மறுவாழ்வில் மீனவர்களுக்குப் புதிய வீடுகள் கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் என்று முடிவாயிற்று. பாதுகாப்புக்குத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கடலைப் பார்த்த அறை வேண்டும் என்று வெளியூரார் கேட்பதும், கடலால் பிழைப்பவர் கடலைவிட்டு விலகிப் போவதும் ஒரே சாலையோரத்தில் நடப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. அலைக்கு எதிரே கண்ணாடி ஜன்னல் வைக்க ஆசைப்படுகிறவர்கள், அலை ஊருக்குள் வரும் இரவில் பக்கத்துக் குப்பத்தார் எங்கே தங்குவார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

சாலைக்கு மேற்கே, கடலுக்கு எட்டத்தில் தளம் போட்ட விடுதிகளும் மண்டபங்களும் இனியும் வரத்தான் போகின்றன. அவற்றுக்கு அனுமதி தரும் ஆணையில், புயல் எச்சரிக்கை வந்தால் சுற்றுக் கிராமத்தாருக்கு, அவர்கள் வந்து கேட்குமுன்பே, கதவைத் திறந்துவிடவேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கவேண்டும். விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் இதை முதலில் செய்யட்டும்.