அட்சய திருதியையும் தண்ணீர்ப் பந்தலும்



சித்திரை அமாவாசைக்குப் பின் வருகின்ற வளர்பிறைத் திருதியையை நம் நாட்டார் அட்சய திருதியை என்று போற்றி வருவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. பனிக்காலம் முழுவதும் அடைத்திருந்த கங்கோத்திரி, யமுனோத்திரி ஆலயங்களின் திருக்கதவங்கள் திறப்பதும், சிம்மாசலத்தில் வராக நரசிம்ம மூர்த்தி ஆண்டு முழுவதும் தம்மை மூடியிருந்த சந்தனக் காப்பை நீக்கி நிஜரூபத்தைக் காட்டியருள்வதும், புரியில் ஜகந்நாதருடைய ரதங்களுக்கு மரவேலை தொடங்குவதும், நம் கும்பகோணத்தில் பன்னிரண்டு கருட வாகனங்களில் பெருமாள்கள் ஒருங்கே எழுந்தருளிச் சேவை சாதிப்பதும் இந்த ஒரு நாளில்தான். இத்தனை மகிமை வாய்ந்த நாளைப் பற்றி நம் நகரத்துக் குழந்தை ஒன்றை அழைத்து, ‘அட்சய திருதியை என்றால் என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அன்றைக்கு நகை வாங்க வேண்டும்’ என்று அது தயங்காமல் பதில் சொல்லும். அந்தக் குழந்தையின் மீது குற்றமில்லை. அது கண்டதையும் கேட்டதையும் சொல்கிறது.

பங்குனி முடிவதற்கு முன்பே பத்திரிகைகளின் முதற்பக்கங்களை விளம்பரங்கள் நிறைத்துக்கொள்கின்றன. சேதாரத்தில் இவ்வளவு தள்ளுபடி, இன்ன நகைக்குச் செய்கூலி கிடையாது, முன்பணம் கட்டிவிட்டால் அன்றைக்கு விலை ஏறினாலும் பழைய விலைக்கே நகை என்று அறிவிப்புகள் அடுத்தடுத்து வருகின்றன. திருதியையன்று பொழுது விடியும்போதே கடைகள் திறந்துவிடுகின்றன. வாசலில் ஜனங்கள் வரிசையாக நிற்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கும் தாய்மார்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மனத்தில் சந்தோஷமும் துக்கமும் ஒருங்கே எழுகின்றன. பஞ்சாங்கம் பார்க்கிற வழக்கமே அருகிவிட்ட இந்தக் காலத்தில் ஒரு திதியை நினைவில் வைத்துக்கொண்டு, விடியற்காலையில் எழுந்து நீராடி, நெற்றியில் குங்குமம் இட்டு, மகாலக்ஷ்மியைத் தியானித்துப் புறப்படுகிறார்களே என்பதில் சந்தோஷம். அந்தச் சிரத்தை அத்தனையும் வாங்குவதற்கே செலவாகிவிடுகிறதே என்பதில் துக்கம். இவ்விரண்டில் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் உங்கள் முன் பேசுவது சத்தியமாகாது.

நம் பாட்டிமார் இந்த நாளில் என்ன செய்தார்கள்? புதிய மண்குடம் ஒன்றை வாங்கி, கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, அதை ஓர் ஏழைக்கோ வேதம் ஓதிய பெரியவருக்கோ தட்சிணையோடு தானம் செய்தார்கள். உதககும்ப தானம் என்று இதற்குப் பெயர். மறைந்துபோன முன்னோர்களின் தாகம் இதனால் தணியும் என்பது நம்பிக்கை. வசதியுள்ளவர்கள் குடத்தோடு பனையோலை விசிறி, குடை, பாதரக்ஷை, தயிர்சாதம், பானகம், நீர்மோர் என்று அவரவர் சக்திக்குத் தக்கபடி சேர்த்துக் கொடுத்தார்கள். இந்தப் பொருள்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். சூரியன் மேஷத்தில் உச்சம் பெற்றுக் காய்கின்ற காலம். ஏரி குளங்கள் வற்றி, வழிநடைக்காரன் மர நிழல் தேடி நிற்கின்ற காலம். அந்தக் காலத்தில் ஒரு மனிதனுடைய உடம்புக்கு எது எது வேண்டுமோ அது அதையே தருமமாக வகுத்து வைத்தார்கள். வெயிலில் நிற்பவனுடைய துன்பத்தை முன்னிட்டு ஏற்பட்டது இந்த விரதம். குடத்தைக் கொடுக்கும்போது பேரக் குழந்தையின் கையையும் அதில் வைத்துக் கொடுக்கச் சொல்லும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. குழந்தையின் கைக்குக் குடத்தின் குளிர்ச்சி தெரியும், வாங்குகிறவரின் முகமும் தெரியும். குடும்பத்தின் சம்பிரதாயம் ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்குச் சென்றது இவ்வாறுதான்.

இந்நாளோடு சேர்த்துச் சொல்லப்படுகின்ற அட்சய பாத்திரத்தின் சரித்திரத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தருமபுத்திரர் அதை யாருக்காகப் பெற்றார் என்பதை நின்று யோசிப்பவர் சிலரே. சூதில் நாடிழந்து வனம் புகுந்த பாண்டவர்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் அந்தணர்கள் கூட்டமாகப் பின்தொடர்ந்தார்கள். ராஜ்யம் போனதற்கு வருந்தியதைவிட, தம்மை நம்பி வந்தவர்களுக்கு அன்னமிட வகையில்லையே என்றுதான் யுதிஷ்டிரர் அப்போது அதிகமாக வருந்தினார். புரோகிதரான தௌமியர் சூரிய உபாசனையை அவருக்கு உபதேசித்தார். சூரிய பகவான் பிரசன்னமாகித் தாமிரப் பாத்திரம் ஒன்றை அளித்தார். அந்த வரத்துக்கு ஒரு நியமம் உண்டு. ஒவ்வொரு நாளும் திரௌபதி உண்ணாதிருக்கும் வரையில் அதில் உணவு வற்றாது. அவள் உண்டு எழுந்ததும் அன்றைய தினத்துக்கு அது வெறும் பாத்திரமாகிவிடும். ஆகவே அதிதிகள் முதலில் உண்டார்கள்; பின்பு தம்பிமார் உண்டார்கள்; அவர்களுக்குப் பின் யுதிஷ்டிரர்; எல்லோருக்கும் கடைசியில் பாஞ்சால ராஜனுடைய குமாரத்தி. பன்னிரண்டு ஆண்டு வனவாசத்தில் ஏதேனும் ஒரு நாள் அவள் பசி பொறுக்காமல் முதலில் உண்டிருந்தால் அன்றைக்கு அத்தனை பேரும் பட்டினி கிடந்திருப்பார்கள். அந்தப் பாத்திரத்தின் அற்புதம் சூரியன் கொடுத்த செம்பில் பாதி இருந்தது என்றால், கடைசியில் உண்ணச் சம்மதித்த ஒரு பெண்ணின் பொறுமையில் மற்றப் பாதி இருந்தது என்றே நான் கொள்கிறேன்.

நம் தமிழிலும் இதற்கு இணையான பாத்திரம் ஒன்று உண்டு. மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரனுக்கு அளித்த அமுதசுரபியைச் சொல்கிறேன். நாடெங்கும் மழை பொழிந்து வளம் பெருகி, பசித்தவர் ஒருவரும் இல்லாமற்போகவே, வேற்று நாட்டிலாவது உண்பாரைத் தேடுவோம் என்று கப்பலேறிய அவன், மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டபோது, தன் ஒருவன் வயிற்றுக்காக மட்டும் அந்தப் பாத்திரத்தை வைத்துக்கொண்டிருக்க மனமில்லாமல், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான் என்று மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது.

இந்தத் திருநாளைச் சமணப் பெரியோர்களும் போற்றுகிறார்கள் என்பதையும், அவர்கள் போற்றும் காரணம் என்னவென்பதையும் நாம் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் ராஜ்யத்தைத் துறந்து, மௌன விரதம் பூண்டு, பிக்ஷைக்காக ஊர் ஊராக நடந்தார். உலகத்தில் அவரே முதல் துறவி. ஆகையால் துறவிக்கு எதைக் கொடுப்பது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. தங்களை ஆண்ட அரசர் வருகிறார் என்று எண்ணி, பொன்னையும் மணியையும் கொண்டுவந்து குவித்தார்கள். யானையையும் குதிரையையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் ஒன்றையும் ஏறிட்டுப் பாராமல் பசியோடு மேலே நடந்தார். மாதக்கணக்கில் இப்படியே கழிந்த பின், ஹஸ்தினாபுரத்தில் சிரேயாம்ஸன் என்ற அரசகுமாரன் மட்டும் குறிப்பறிந்து, கரும்புச் சாற்றை அவருடைய இரு கைகளிலும் வார்த்தான். அவர் அருந்தினார். அந்த நாளே இந்தத் திருதியை. இன்றைக்கும் சமணர்களில் பலர், ஓராண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் உபவாசமிருந்து, ஹஸ்தினாபுரத்திலும் பாலிதானாவிலும் கூடி, கரும்புச் சாறு அருந்தி அந்த விரதத்தைப் பூர்த்தி செய்கிறார்கள். பொன் குவியல் குவியலாகக் கிடந்தும் ஒரு மகாபுருஷருடைய பசிக்கு உதவாமற்போன கதையை நினைவூட்டுகின்ற நாள், பொன்னுக்காகவே ஜனங்கள் முண்டியடிக்கின்ற நாளாகிவிட்டதே என்று எண்ணும்போது என் நெஞ்சு கலங்குகிறது.

இந்நாளோடு சேர்த்துச் சொல்லப்படுகின்ற குசேலருடைய சரித்திரத்தையும் இன்று பாதியாகத்தான் சொல்கிறார்கள். ஏழை ஒருவர் துவாரகைக்குப் போனார், செல்வந்தராகத் திரும்பினார் என்கிறார்கள். போகும்போது அவர் கந்தைத் துணியில் முடிந்துகொண்டு போன அவல், அவருடைய மனைவி அக்கம்பக்கத்து வீடுகளில் யாசித்து வாங்கியது என்பதையும், கண்ணனிடம் அவர் ஒன்றும் கேட்கவே இல்லை என்பதையும் விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவு சொன்னதனால் பொன்னை நிந்திக்கிறேன் என்று யாரும் கருத வேண்டாம். ஆண்டுதோறும் எழுநூறு எண்ணூறு டன் அளவுக்குத் தங்கத்தை இறக்குமதி செய்கின்ற தேசம் நம்முடையது. அதை வெறும் ஆசை என்று தள்ளிவிடுவது நம் பெண்களின் வாழ்க்கையை அறியாதவர்கள் பேசுகிற பேச்சு. நிலம் ஆண்மக்களின் பேரில் இருந்தது. வீடு அவர்கள் பேரில் இருந்தது. பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது கழுத்திலும் காதிலும் கிடந்த பொன் ஒன்றுதான். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வளையல் அடகுக்குப் போகும். மகனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டுமென்றால் சங்கிலி போகும். விதைநெல்லுக்குக்கூடத் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு நின்ற தாய்மார்கள் இந்த மண்ணில் எத்தனையோ பேர். ஆகவே பூக்கட்டி விற்கிற ஒரு பெண், பதினொரு மாதம் நகைச்சீட்டுக் கட்டி, அந்தச் சீட்டு முடிந்து, இந்த நாளில் தன் மகளுக்கென்று ஒரு கிராம் பொன் வாங்கினால், அவளைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. அவளை நான் வணங்குகிறேன்.

ஆனால் வேறொரு காட்சியும் இருக்கிறது. இருக்கிற நகையை அடகு வைத்துப் புதிய நகை வாங்குகிறார்கள். வட்டிக்குக் கடன் வாங்கி வாங்குகிறார்கள். இன்றைக்கு வாங்காவிட்டால் இந்த வருஷம் முழுவதும் லக்ஷ்மி வீட்டுக்கு வரமாட்டாள் என்ற பயத்தினால் வாங்குகிறார்கள். மறுநாள் அண்டை வீட்டார், ‘நீங்கள் என்ன வாங்கினீர்கள்?’ என்று கேட்பார்களே என்ற கூச்சத்தினாலும் வாங்குகிறார்கள். நான் படித்த அளவில் எந்தப் புராணமும் இப்படி ஒரு பயத்தைச் சொல்லவில்லை. ஏழையின் வீட்டில் பயத்தை உண்டாக்கிச் செய்கின்ற வியாபாரம், எவ்வளவு தீபம் ஏற்றித் தொடங்கினாலும், தரும வியாபாரம் ஆகாது என்பதை இங்கே வந்திருக்கும் வர்த்தகப் பெருமக்களிடம் நான் மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன். அவர்களும் என் அன்புக்குரியவர்களே. அமுதசுரபி பின்னர் மணிமேகலையின் கைக்கு வந்தபோது அதில் முதற்பிச்சை இட்டவள் யார்? காவிரிப்பூம்பட்டினத்து ஆதிரை. அவள் யாருடைய மனைவி? சாதுவன் என்ற வணிகனுடைய மனைவி. கைப்பொருளையெல்லாம் சூதில் தோற்று, மனம் திருந்தி, வாணிகத்துக்காகக் கடல் கடந்து, மரக்கலம் உடைந்து, நாகர் நாட்டில் கரையேறி, பொருளோடு மீண்டு வந்தவன் அவன். அவன் ஈட்டிய பொருளில் ஆதிரை அன்னமிட்டாள். வணிகர் வீட்டுச் சோறு முதலில் விழுந்த பிறகே அந்தப் பாத்திரம் ஊரின் பசியை ஆற்றத் தொடங்கியது. வியாபாரத்துக்கும் தருமத்துக்கும் பகை என்று நம் முன்னோர் எண்ணியதில்லை. முன்பின் முறை ஒன்றை மட்டும் வைத்திருந்தார்கள்.

அந்த முறையைத்தான் இன்று உங்களிடம் பிரார்த்தித்துக் கேட்கிறேன். கடைக்குப் போவதாக இருந்தால் போங்கள்; போவதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரில் அப்பூதியடிகள் வைத்த தண்ணீர்ப் பந்தலை நீங்கள் அறிவீர்கள். திருநாவுக்கரசரை அவர் கண்ணாலும் கண்டதில்லை. பெருமையைக் கேட்ட மாத்திரத்தில் தம் பிள்ளைகளுக்கும், ஆவினங்களுக்கும், வீட்டிலிருந்த அளவைகளுக்கும்கூட அந்தத் திருப்பெயரையே இட்டார். சோழ நாட்டு வெயிலில் நடந்து வந்த நாவுக்கரசர், வழியில் பெரிய நிழலும் குளிர்ந்த நீருமாக ஒரு பந்தலைக் கண்டு, அதில் தம் பெயரே எங்கும் எழுதியிருப்பதைப் பார்த்துத் திகைத்தார். ‘உம்முடைய பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?’ என்ற கருத்துப்பட அவர் வினவியபோது, வந்தவர் இன்னாரென்று அறியாத அப்பூதியடிகளுக்குக் கோபமே வந்துவிட்டது. கொடுத்தவர் தம் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பே அவருக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு ஒரு விசிறி கொடுத்தால் விசிறியில் பெயர், ஒரு பானை வைத்தால் பானைக்கு மேலே ஆள் உயரத்துக்குப் படம். நாம் வைக்கப்போகும் பந்தலில் எவருடைய பெயரும் இருக்கக் கூடாது. இந்தச் சபையின் பெயரும் வேண்டாம்.

பானைகளைக் குயவரிடம் நேரே போய் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். புதுப்பானையில் ஒரு நாள் தண்ணீர் ஊற்றி வைத்து மண்வாசனை போன பின் பயன்படுத்த வேண்டும். கீழே மணல் பரப்பி நனைத்து, பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் நடுப்பகலிலும் நீர் குளிர்ந்திருக்கும்; வெட்டிவேர் சிறிது போடலாம். மோருக்கு இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் உப்பும் போதும். ஒரு நாளோடு நிறுத்திவிடக் கூடாது. சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை அக்னி நட்சத்திரம் காய்கிறது, அது கழியும் வரையில் பானை வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையிலும் மாலையிலும் நிற்க ஆட்கள் எளிதில் கிடைப்பார்கள். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரையில் யார் நிற்பது என்பதுதான் சிரமம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்த நேரத்தில் வந்து நிற்க இசைகிறவர்கள், பிரசாதம் பெற்றுக்கொண்டு வெளியே போகும்போது வாசலிலுள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போகலாம். திருதியையன்று நகைக்கடைக்குப் போக உத்தேசித்திருப்பவர்களும் எழுதலாம். கடைகள் அன்றைக்கு இரவு வெகுநேரம் திறந்திருக்கும்.