கடல் காத்த உடலும் கடல் கரைத்த உடலும்

மண்ணினின்று தோன்றிய மனிதன் மண்ணுக்கே மீள்கிறான் என்பது நாம் அறிந்த நியதி. மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, கப்ரில் வைத்து, மூன்று பிடி மண்ணள்ளிப் போட்டுத் திரும்பும்போது அந்த நியதியை நம் கைகளாலேயே நிறைவேற்றி வருகிறோம். ஆயினும் எல்லா மனிதர்க்கும் மண் கிடைத்துவிடுவதில்லை. கப்பலோடு ஆழ்ந்தோரும், அலை வாரிச் சென்றோரும் நீரிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். அந்த நீரோ ஒருவர் உடலைப் பல்லாயிரம் ஆண்டுகள் பேணிக் காக்கிறது. மற்றொருவரைச் சில ஆண்டுகளுக்குள் எலும்பும் எஞ்சாமல் கரைத்துவிடுகிறது. இந்த வேறுபாட்டில் இறந்தவரின் மதிப்புப் பற்றிய செய்தி ஏதேனும் உண்டா? நீர் காத்து வைத்த உடலின்மீது உயிரோடிருப்போர்க்கு உள்ள கடமை யாது? இவ்விரு வினாக்களையும் அடுத்தடுத்து ஆராய்வோம்.

முதலில் நீரின் இயல்பைக் காண்போம். உடலை அழிப்பவை பெரும்பாலும் உயிர்களே: உடலுக்குள் வாழும் நுண்ணுயிர்கள், மீன், நண்டு, இறால் போன்றவை. வெப்பமும் உயிர்வளியும் மிகுந்த நீரில் அவற்றின் வேலை விரைந்து நடக்கும். நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுவால் உடல் ஊதி மேலே மிதக்கும். குளிர்ந்த ஆழத்தில் அவ்வேலை மந்தப்படும். நீரின் அழுத்தம் வாயுவை விரியவிடாது. ஆகவே அங்கே தங்கிய உடல் மேலெழுவதில்லை. உயிர்வளி அற்ற, ஈரம் நிறைந்த இடத்தில் உடலின் கொழுப்பு மெழுகு போன்ற, சவர்க்காரத்தை ஒத்த ஒரு பொருளாக மாறி உடலின் வடிவத்தை நெடுங்காலம் நிறுத்தி வைப்பதும் உண்டு. சேறு மூடினால் எலும்பு காக்கப்படும். புளிப்பு மிகுந்த சதுப்பு நீர் தோலைப் பதனிட்டுக் காத்து, எலும்பைக் கரைத்துவிடும். புளிப்பற்ற சதுப்பில் இதற்கு மாறாக எலும்பு நிலைக்கும்.

இவற்றுக்குச் சான்றுகள் பல. அமெரிக்காவின் புளோரிடாவில் விண்டோவர் என்னுமிடத்தில் 1982ஆம் ஆண்டு சாலை அமைக்கும் வேலையின்போது ஒரு குட்டையில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. 7000 ஆண்டுகளுக்கு முற்பட்ட 168 பேரின் எச்சங்கள் அங்கே கிடைத்தன. சுமார் 90 மண்டையோடுகளுக்குள் மூளையின் பகுதியும் சுருங்கிய நிலையில் எஞ்சியிருந்தது. அம்மக்கள் தம்மவரை நெய்த துணியால் சுற்றி, மேலே மிதந்து வாராவண்ணம் மரமுளைகளால் பிணித்து, குட்டையின் அடியில் அடக்கியிருந்தனர். எழுத்தறியாத அக்காலத்து மனிதனும் இறந்தவரைத் துணியால் போர்த்தாமல் விடவில்லை என்பது நம் சிந்தனைக்குரியது.

டென்மார்க்கின் டொல்லுண்ட் சதுப்பில் 1950ஆம் ஆண்டு ஓர் ஆடவனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. இறந்து 2300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவன் முகத்தின் சுருக்கங்களும் தாடையின் மயிரும் தெளிவாகத் தெரிந்தன. அவன் கழுத்தில் சுருக்குக் கயிறும் இருந்தது; அவன் தூக்கிலிடப்பட்டவன். அவனைத் தூக்கிலிட்டோரில் ஒருவர் முகமும் இன்று இல்லை. அவன் முகம் இருக்கிறது.

இதற்கு மறுபுறம் டைட்டானிக். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று மூழ்கிய அக்கப்பலோடு சுமார் 1500 பேர் மாண்டனர். 1985இல் ஏறக்குறைய 3800 மீட்டர் ஆழத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டபோது மனித உடலோ எலும்போ தென்படவில்லை. சதையைக் கடல் உயிர்கள் தின்றன. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த ஆழ்கடல் நீர் எலும்பையும் கரைத்துவிட்டது என்பர் அறிஞர். பதனிட்ட தோலைத் தின்ன எவ்வுயிரும் முன்வராததால், சில இடங்களில் இரண்டிரண்டாகக் காலணிகள் மட்டும் கடலடியில் கிடந்தன.

விண்டோவர் மக்கள் நல்லோரென்றோ, டைட்டானிக்கில் மாண்டோர் தீயோரென்றோ எவரேனும் சொல்லத் துணிவரா? நீர் மனிதனின் அமலைப் பார்ப்பதில்லை. தனக்கு விதிக்கப்பட்ட இயல்பின்படியே நடக்கிறது. ஆயினும் உடல் அழியாதிருப்பதே ஒருவரது மேன்மைக்கு அடையாளம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நபிமார்களின் உடலை மண் தின்பதில்லை என்று ஹதீஸில் வந்துள்ளது. அதனை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். ஆனால் மதரஸாவில் மன்திக் எனும் தருக்க நூலின் தொடக்கப் பாடம் ஓதிய மாணவனும் ஒன்றை அறிவான். மனிதரெல்லாம் உயிருள்ளவர் என்பதால் உயிருள்ளவையெல்லாம் மனிதர் ஆகிவிடா. அவ்வாறே, கண்ணியம் பெற்ற சிலரது உடல் காக்கப்பட்டது என்பதிலிருந்து, காக்கப்பட்ட உடல் யாவும் கண்ணியம் பெற்றவை என்று முடிவு கட்டலாகாது.

இதற்குத் திருமறையே தெளிவான சான்று தருகிறது. கடலில் மூழ்கிய ஃபிர்அவ்னின் உடலைப் பின்வருவோர்க்கு அத்தாட்சியாகக் காப்பாற்றியதாக இறைவன் யூனுஸ் அத்தியாயத்தில் அறிவிக்கின்றான். அவன் உண்மையிலேயே இறந்தானா என்று ஐயுற்றோர் கண்டு தெளியும்பொருட்டு அவ்வுடல் கரையில் ஒதுக்கப்பட்டது என்பர் விரிவுரையாளர். கடல் திருப்பித் தந்ததாக நம் மறை கூறும் உடல் ஒரு கொடுங்கோலனின் உடல்! அது பரிசன்று, எச்சரிக்கை.

இவ்விடத்தில் ஒரு சொல் கூறியாக வேண்டும். எகிப்தில் பாதுகாக்கப்படும் மன்னர்களின் பதனுடல்களில் ஒன்றைச் சுட்டி, அதில் உப்புப் படிந்திருப்பதால் மூழ்கி மாண்ட ஃபிர்அவ்ன் இவனே என்று நம் மேடைகளில் முழங்குவோர் உளர். இரண்டாம் ரம்சேசின் உடல் 1881லும், மெர்னெப்தாவின் உடல் 1898லும் கண்டெடுக்கப்பட்டவை. இரண்டும் கிடைத்தது கடலில் அன்று, நிலத்தில், கல்லறைகளில். எகிப்தியர் உடலைப் பதனிடப் பயன்படுத்திய நாட்ரன் என்பதே உப்புக் கலந்த பொருள். ஆகவே உப்பைக் கண்டதும் கடல் என்று கூறிவிட இயலாது. திருமறை அந்த மன்னனின் பெயரையோ, அவன் உடல் இன்னின்ன கூடத்தில் வைக்கப்படும் என்பதையோ கூறவில்லை. மறை கூறாததை மறையின் பெயரால் கூறுவது ஈமானுக்குச் செய்யும் தொண்டாகாது. நாளை ஓர் ஆய்வாளர் அதனை மறுத்தால், நம் இளைஞன் மேடைப் பேச்சை மட்டுமன்றி மறையையும் ஐயுறத் தொடங்குவான்.

காக்கப்படுதல் மேன்மைக்கு அடையாளமன்று என்றால், உடலை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லையா? அவ்வாறன்று. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருக்கும்போது முறிப்பதைப் போன்றதே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். உடலின் கண்ணியம் அது எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று; அது மனிதனுடையது என்பதைப் பொறுத்தது.

நம் ஷாஃபி மத்ஹபின் மதரஸாக்களில் ஓதப்படும் மின்ஹாஜில் ஒரு நுட்பமான இடம் உண்டு. அந்நூலுக்கு மூலமான இமாம் ராஃபியீ (ரஹ்) அவர்களின் நூல், நீரில் மூழ்கி இறந்தவருக்கு அந்த மூழ்கலே குளிப்பாக அமையும் என்ற கருத்தைக் கொண்டது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ அவ்விடத்தில் நின்று தம் கருத்தைத் தனியே பதிக்கிறார்கள்: மூழ்கியவரையும் குளிப்பாட்டுவது கடமை என்பதே சரியானது. பல நாள் நீரில் ஊறிய உடலுக்கு மேலும் ஒரு குடம் நீர் எதற்கு? தூய்மைக்காக மட்டும் எனின் அது தேவையற்றது. குளிப்பாட்டும் பொறுப்பு நம்மீது சுமத்தப்பட்டது. கடல் அதனை நமக்காக நிறைவேற்றிவிட முடியாது. நீர் பட்டால் சிதைந்துவிடும் நிலையில் உடல் இருந்தால் தயம்மும் செய்விக்க வேண்டும். இறந்துவிட்டதாக உறுதியான ஒரு முஸ்லிமின் உறுப்பு ஒன்றே கிடைத்தாலும் அதற்குத் தொழுகை உண்டு. கரை எட்டாத் தொலைவில் கப்பலில் ஒருவர் இறந்தால், குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, இரு பலகைகளுக்கிடையே வைத்துக் கட்டிக் கடலில் விட வேண்டும் என்றார்கள் ஃபுகஹாக்கள். எங்கோ ஒரு கரையில் யாரேனும் எடுத்து அடக்கம் செய்யட்டும் என்பதே அவர்கள் எண்ணம். ஆக, கடல் ஒரு வழி மட்டுமே. கடமையோ மனிதர் கையிலிருந்து மனிதர் கைக்கு மாறுகிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு அண்மைக்கால நிகழ்வொன்றை எண்ணிப் பார்ப்போம். 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் பெருங்கடலில் வீழ்ந்து 228 பேரும் மாண்டனர். அந்நாட்களில் 50 உடல்கள் மிதந்து கிடைத்தன. 2011ஆம் ஆண்டு சுமார் 3900 மீட்டர் ஆழத்தில் விமானத்தின் உடற்பகுதி கண்டுபிடிக்கப்பட்டபோது, இருளும் குளிரும் அழுத்தமும் காத்த உடல்கள் அங்கே இருந்தன. அவற்றை எடுக்க வேண்டுமா என்பதில் உறவினரிடையே கருத்து வேறுபட்டது. தம் மக்களை அமைதியாக விட்டுவிடுங்கள் என்றனர் சிலர். அடக்கம் செய்ய ஓர் உடல் வேண்டும் என்றனர் வேறு சிலர். 104 உடல்கள் மேலே கொண்டுவரப்பட்டன. 74 பேர் கடலிலேயே தங்கினர்.

இருசாராரின் துயரமும் மெய்யானதே. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சிதைந்த முகத்தைப் பார்ப்பதைவிட நினைவில் உள்ள முகமே போதும் என்ற தாயை எவரும் குறைகூற இயலாது. எனினும் நம் நெறியில் நின்று பார்த்தால், விபத்தில் மூழ்கியவர் அடக்கம் செய்யப்பட்டவர் அல்லர். கப்ரைத் தோண்டுவது தடுக்கப்பட்டது. குளிப்பாட்டாமல் அடக்கியிருந்தால், உடல் சிதையுமுன் தோண்டியெடுத்து அக்கடமையைச் செய்ய வேண்டும் என்று அத்தடைக்கே விலக்குக் கூறியுள்ளனர். கப்ரில் உள்ளவருக்கே அவ்வாறெனில், எவரும் அடக்காத உடலை எட்ட முடிந்தும் எடுக்காதிருத்தலை அமைதி என்று சொல்ல இயலாது. ஆனால் முடியும் என்பதற்கு எல்லை உண்டு. இறந்தவரை எடுக்க இருப்பவர் உயிரைப் பணயம் வைக்கச் சொல்லும் கடமை எதுவும் இல்லை. ஆற்றல் எங்கே முடிகிறதோ அங்கே பொறுப்பும் முடிகிறது.

எடுத்தபின் செய்வது என்ன என்பதே கடினமான சோதனை. 1545ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கரையருகே மூழ்கிய மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலைச் சேறு மூடிக் காத்தது. அக்கப்பல் 1982இல் மேலே எடுக்கப்பட்டது. அதிலிருந்து குறைந்தது 179 பேரின் எச்சங்கள் கிடைத்தன. பெயரறியாத மாலுமி ஒருவரை 1984ஆம் ஆண்டு போர்ட்ஸ்மவுத் தேவாலயத்தில் முறைப்படி அடக்கம் செய்தனர். மற்றோரின் எலும்புகள் ஆய்வுக்கெனப் பேணப்படுகின்றன. அவ்வெலும்புகளால் அக்கால மாலுமியின் உணவும் நோயும் உழைப்பும் தெரியவந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. அறிவு தேடுவதை இஸ்லாம் தடுத்ததும் இல்லை. ஆனால் அந்த ஒருவருக்கு அடக்கம் உரியதென்றால், அவரோடு மூழ்கிய மற்றவர்க்கு அது எக்காரணத்தால் உரியதாகாது போயிற்று? அறிவு பெற்றபின் மண்ணுக்குக் கொடுப்பதே நீதி. கடலடித் தொல்பொருள்கள் பற்றி 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறைவேற்றிய உடன்படிக்கை, நீருக்கடியில் உள்ள மனித எச்சங்களுக்கு உரிய மரியாதை தரப்பட வேண்டும் என்று விதித்திருக்கிறது. நம் ஃபுகஹாக்கள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்ததற்கு இது நெருங்கி வருகிறது.

எடுக்க இயலாதவர் நிலை என்ன? 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையில் ஆயிரக்கணக்கானோரை வாரிச் சென்றது. வெப்பக் கடல் நம் கடல். அது உடலைக் காத்து வைப்பதில்லை. கரையொதுங்கியவரை ஓரிரு நாட்களுக்குள் அடக்கம் செய்தாக வேண்டியிருந்தது. இன்ன மதத்தவர் என்று பாராமல் அப்பணியில் இறங்கிய முஸ்லிம் இளைஞரும் அன்று இருந்தனர். கடைசி வரை கிடைக்காத மகனுக்காக அழும் தாய்க்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. நீரில் மூழ்கி இறக்கும் முஃமினை ஷஹீதுகளில் ஒருவராக எண்ணினார்கள் நாயகம் (ஸல்). தன்னை எரித்துச் சாம்பலைக் கரையிலும் கடலிலும் தூவுமாறு மக்களிடம் சொல்லிச் சென்ற ஒருவனைப் பற்றியும் அவர்கள் கூறியுள்ளார்கள். இறைவன் கட்டளையிட, கடலும் கரையும் தம்மிடம் இருந்ததைத் திரட்டித் தந்தன. இறையச்சத்தால் அவ்வாறு செய்த அவன் மன்னிக்கப்பட்டான்.

உடல் எஞ்சிய ஃபிர்அவ்ன் எச்சரிக்கையானான். சாம்பலும் சிதறியவன் மன்னிப்பைப் பெற்றான். ஆகவே மீண்டு வாராதவர் எதையும் இழந்துவிடவில்லை. அவரை அறிந்தவன் அறிவான். மீண்டு வந்தவரோ நம்மிடம் வந்திருக்கிறார். அவருக்குரிய ஒரு குடம் நீரும், மூன்று துண்டுத் துணியும், ஆறடி மண்ணும் இன்னும் நம் பொறுப்பிலேயே இருக்கின்றன.